டீசல் பிக்கப்பில் டிரெய்லர் இழுக்க எந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்? கணக்குப் போட்டு வாங்கும் முறை

அமெரிக்காவிலோ கனடாவிலோ ஹெவி டூட்டி டீசல் பிக்கப் வாங்கக் கிளம்புகிறவர் கண்ணில் முதலில் படுவது விளம்பரத்தின் இழுவைத் திறன்தான். 20,000 பவுண்டு, 30,000 பவுண்டு என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த எண்ணைத் தொடுவதற்கு வெகு முன்பே வண்டி இரண்டு இடங்களில் கைவிரித்துவிடும். ஒன்று, பின் அச்சின் மேல் உட்காரும் பாரம். மற்றது, கியர்பாக்ஸ் ஆயிலின் சூடு. இரண்டையும் காகிதத்தில் கணக்குப் போட்ட பிறகு ஷோரூமுக்குப் போனால் விற்பனையாளர் சொல்வதில் எதைக் கேட்பது, எதை விடுவது என்பது புரியும்.

முதலில் டிரெய்லர், பிறகு கியர்பாக்ஸ்

இழுக்கப் போகும் டிரெய்லரின் மொத்த எடையை எழுதிக்கொள்ளுங்கள். காலி எடை வேண்டாம். தண்ணீர், சாமான், கேஸ் சிலிண்டர் எல்லாம் ஏறிய பிறகு உள்ள எடை வேண்டும். சாதாரண பந்து ஹிட்ச்சில் மாட்டும் டிரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை வண்டியின் மேல் வைக்கும். பிக்கப்பின் தொட்டிக்குள் மாட்டும் ஃபிஃப்த் வீல், கூஸ்நெக் வகைகள் 15 முதல் 25 சதவீதம் வரை வைக்கும்.

16,000 பவுண்டு ஃபிஃப்த் வீல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 20 சதவீதம் என்றால் 3,200 பவுண்டு. ஹிட்ச்சுக்கு 150, வண்டிக்குள் இருக்கும் ஆட்களுக்கு 400 சேர்த்தால் 3,750. இப்போது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் டயர் ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று ஓர் எண் இருக்கும். டீசல் 2500 வகை (ஹெவி டூட்டியில் சிறியது; 3500 அதைவிட அதிகப் பாரம் தாங்கும்) வண்டிகள் பலவற்றில் அது 2,000 பவுண்டை ஒட்டியே நிற்கும், ஏனென்றால் டீசல் இன்ஜினின் எடையே அந்தக் கணக்கில் பெரும்பங்கைத் தின்றுவிடுகிறது. ஆக இந்த டிரெய்லருக்கு 3500 வகைதான்.

இதைக் கியர்பாக்ஸ் கட்டுரையில் ஏன் சொல்ல வேண்டும்? சில கம்பெனிகளில் கியர்பாக்ஸும் இதோடு சேர்ந்து முடிவாகிவிடுகிறது. ராம் 2500 டீசலில் 2024 மாடல் வரை ஆட்டோமேட்டிக் என்றால் 68ஆர்எஃப்இ என்ற 6 கியர் பெட்டி (கியர்பாக்ஸைத்தான் பெட்டி என்கிறேன்) மட்டும்தான். ஐசின் என்ற கம்பெனியின் பெட்டி 3500 வகைக்கே கிடைத்தது. தப்பான வண்டியைப் பிடித்துக்கொண்டு கியர்பாக்ஸை ஆராய்ந்து பயனில்லை.

சந்தையில் இருக்கும் பெட்டிகள்

ஜிஎம் வண்டிகளில், அதாவது ஷெவர்லே சில்வராடோ, ஜிஎம்சி சியரா இரண்டிலும், 2001 இல் டியூராமேக்ஸ் டீசலோடு ஆலிசன் 1000 வந்தது. முதலில் 5 கியர், 2006 முதல் 6 கியர். 2019 வரை ஓடிய இந்த 6 கியர் பெட்டிக்கு நல்ல பெயர் உண்டு. பழைய வண்டி தேடுகிறவர்கள் இன்றும் இதைத்தான் கேட்கிறார்கள். 2020 இல் 10 கியர் உள்ள 10எல்1000 வந்தது. ஆலிசன் பெயர் அதன் மேலும் இருக்கிறது, ஆனால் இது பழைய ஆலிசனின் நீட்சி அல்ல, வேறு பெட்டி. பெயரை மட்டும் பார்த்துப் பழைய நம்பிக்கையை அப்படியே இதற்குத் தூக்கிக் கொடுக்க வேண்டாம். 2024 இல் ஜிஎம், 10 கியர் பெட்டியுள்ள 2020 முதல் 2022 வரையிலான டீசல் பிக்கப், எஸ்யூவி வண்டிகள் 4 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேல் திரும்ப அழைத்தது. கியர்பாக்ஸின் கன்ட்ரோல் வால்வு தேய்ந்தால், கீழ்க் கியருக்கு மாறும்போது பின் சக்கரங்கள் பூட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு என்பதே காரணம். 2020 முதல் 2022 வரையிலான அந்த வண்டியைப் பழையதாக வாங்குகிறீர்கள் என்றால், 17 இலக்க வண்டி எண்ணை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் போட்டு, அந்த அழைப்புக்கான பழுதுபார்ப்பு முடிக்கப்பட்டதா என்று பார்த்த பிறகே பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.

ஃபோர்டு சூப்பர் டூட்டியில் 2011 முதல் 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு 6 கியர் 6ஆர்140. 2020 முதல் 10 கியர் 10ஆர்140.

ராமில் 6.7 லிட்டர் கம்மின்ஸோடு 2007 இல் வந்த 6 கியர் 68ஆர்எஃப்இ 2024 வரை நீடித்தது. 2013 முதல் 3500 இல் அதிக டார்க் (முறுக்கு விசை) கொண்ட கம்மின்ஸுக்கு ஐசினின் 6 கியர் ஏஎஸ்69ஆர்சி. 2025 மாடலில் இரண்டையும் ஓரம்கட்டிவிட்டு இசட்எஃப் வடிவமைப்பிலான 8 கியர் பெட்டியைப் போட்டுவிட்டார்கள். கம்மின்ஸ் இப்போது ஒரே தரத்தில், 430 குதிரைத்திறன், 1,075 பவுண்டு-அடி டார்க்கோடு வருகிறது.

கியர் எண்ணிக்கையை விட்டுவிட்டு விகிதத்தைப் பாருங்கள்

10 கியர் என்றாலே 6 கியரைவிட உசத்தி என்று நினைப்பது இயல்பு. பார்க்க வேண்டியவை இரண்டு: நின்ற இடத்திலிருந்து கிளப்பும் பலம், நெடுஞ்சாலை வேகத்தில் கியர்களுக்கு இடையே உள்ள இடைவெளி.

கிளப்பும் பலத்துக்கு முதல் கியர் விகிதத்தை ஆக்சில் விகிதத்தால் (பின் அச்சில் உள்ள பல்சக்கரங்களின் விகிதம்) பெருக்குங்கள். ஆலிசன் 6 கியரில் முதல் கியர் 3.10, ஆக்சில் 3.73 என்றால் 11.6. 68ஆர்எஃப்இயில் 3.23, அதே ஆக்சிலில் 12.0. ஐசினில் 3.75, அதே ஆக்சிலில் 14.0, ஆக்சில் 4.10 என்றால் 15.4. ஃபோர்டு 10ஆர்140 இல் 4.615, ஆக்சில் 3.55 என்றால் 16.4. ஜிஎம் 10 கியரில் 4.54, ஆக்சில் 3.42; பெருக்கினால் 15.5. பழைய ஆலிசனைவிடப் புதிய பெட்டிகள் கிளம்பும்போது எவ்வளவு லேசாக எழும்பும் என்பது இதிலேயே தெரிந்துவிடும். படகை இறக்கும் சரிவு, பண்ணையின் மண் பாதை, மேட்டில் இருக்கும் சிக்னல் ஆகிய இடங்களில்தான் இந்த எண் பேசும். சமவெளியில் அதற்கு வேலை குறைவு.

இடைவெளிதான் புதியவர்கள் தவறவிடும் விஷயம். 33 அங்குல டயர் 65 மைல் வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 662 சுற்று சுற்றும். அதை ஆக்சில் விகிதத்தாலும் கியர் விகிதத்தாலும் பெருக்கினால் இன்ஜின் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) கிடைக்கும். ஆலிசன் 6 கியரில், 3.73 ஆக்சிலோடு, 5 ஆம் கியரில் (0.71) 1,750; 4 ஆம் கியரில் (1.00) 2,470. நடுவில் ஒன்றுமில்லை. மேட்டில் 5 ஆம் கியர் போதாமல் போனால் ஒரே தாவலில் 700 ஆர்பிஎம் ஏறும். புதியவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடுகிறார்கள். பெட்டி மறுபடி 5 க்குப் போகும், திணறும், திரும்ப 4 க்கு வரும். கியர் தேடுவது என்று சொல்வது இதைத்தான்.

ஃபோர்டு 10ஆர்140 இல் 3.55 ஆக்சிலோடு அதே வேகத்தில் 10 ஆம் கியர் 1,490, 9 ஆம் கியர் 1,610, 8 ஆம் கியர் 2,000, 7 ஆம் கியர் 2,350. மேட்டுக்கு ஏற்றபடி படிப்படியாக இறங்க இடம் இருக்கிறது. 10 கியரின் உண்மையான லாபம் இதுதான். 68ஆர்எஃப்இயில் 3.73 ஆக்சிலோடு 6 ஆம் கியர் 1,560, 5 ஆம் கியர் (0.82) 2,030. என் கணிப்பில் இந்தப் பெட்டியின் நல்ல குணமே அந்த 5 ஆம் கியர் அமைந்திருக்கும் இடம். பாரத்தோடு போகும்போது 6 ஐப் பூட்டிவைத்துவிட்டு 5 லேயே ஓட்டலாம். அதே ஆக்சிலில் ஐசினின் 5 ஆம் கியர் (0.77) 1,900 இல் நிற்கும்.

வாங்க நினைக்கும் வண்டியின் டயர் அளவும் ஆக்சில் விகிதமும் தெரிந்தால் போதும், கால்குலேட்டரில் இரண்டு நிமிட வேலை. முந்தைய உரிமையாளர் 35 அங்குல டயர் போட்டிருந்தால் அந்தக் கணக்கு முழுவதும் மாறிவிடும், 3.73 ஆக்சில் கிட்டத்தட்ட 3.5 போல நடந்துகொள்ளும். அழகுக்குப் போட்ட பெரிய டயரால் மேட்டில் கியர்பாக்ஸ் சூடாவதைப் பலர் பெட்டியின் குறை என்று நினைக்கிறார்கள்.

சூடு எங்கிருந்து வருகிறது

பெட்டிக்கு முன்னால் டார்க் கன்வர்ட்டர் இருக்கிறது. அதற்குள் ஒரு விசிறி ஆயிலைத் தள்ள, எதிரில் உள்ள விசிறி அந்த ஓட்டத்தில் சுற்றும். கிளம்பும்போது இது அருமையான ஏற்பாடு. ஆனால் ஆயில் வழியாகச் சக்தி போகும்வரை ஒரு பங்கு வழுக்கிச் சூடாகிவிடும். வேகம் வந்ததும் உள்ளே இருக்கும் லாக்கப் கிளட்ச் இரண்டையும் இறுக்கிப் பிடித்துவிட்டால் வழுக்கல் நின்றுவிடும்.

இதை எண்ணில் பார்ப்போம். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 24,000 பவுண்டு, 7 சதவீத மேடு, 50 மைல் வேகம். எடையைத் தூக்க மட்டும் 224 குதிரைத்திறன் வேண்டும். காற்றுத் தடை, டயர் உராய்வு சேர்ந்தால் 300 ஐத் தொடும். லாக்கப் பிடிக்காமல் 10 சதவீதம் வழுக்கினால் 30 குதிரைத்திறன், அதாவது ஏறத்தாழ 22 கிலோவாட் சூடு ஆயிலில் இறங்கும். முழு வேகத்தில் எரியும் பதினோரு இண்டக்‌ஷன் அடுப்புகளை அந்த ஆயிலுக்கு அடியில் வைத்ததற்குச் சமம். எந்தக் கூலரும் அதை நெடுநேரம் தாங்காது.

ஆகவே எந்தப் பெட்டியாக இருந்தாலும் இழுக்கும்போது லாக்கப்பில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. ஆயில் 160 முதல் 200 ஃபாரன்ஹீட்டுக்குள் இருப்பது ஆரோக்கியம். நீண்ட மேட்டில் 220 வரை ஏறி இறங்கினால் பரவாயில்லை. 240 ஐ நெருங்கி இறங்க மறுத்தால், பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி, நியூட்ரலில் போட்டு, இன்ஜினை 1,200 ஆர்பிஎம்மில் ஓடவிடுங்கள். பம்ப் ஆயிலைக் கூலருக்குள் சுற்றவைக்கும். இன்ஜினை உடனே அணைத்தால் சூடு உள்ளேயே தங்கிவிடும்.

பழைய வண்டி பார்க்கும்போது செய்ய வேண்டிய சோதனைகள்

வண்டி முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது போங்கள். முன்பே ஓட்டிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் செய்து, பிரேக்கில் கால் வைத்து, பார்க்கிலிருந்து ரிவர்ஸுக்கும் பின் டிரைவுக்கும் மாற்றுங்கள். ஒரு நொடி, ஒன்றரை நொடிக்குள் வண்டி கியரைப் பிடிக்க வேண்டும். இரண்டு மூன்று நொடி தாமதித்து டம்மென்று விழுந்தால், உள்ளே எங்கோ அழுத்தம் கசிகிறது என்று அர்த்தம்.

சாலையில் 45 முதல் 50 மைல் வேகத்தில் நிலையாக ஓட்டி, ஆர்பிஎம் முள்ளைப் பார்த்துக்கொண்டே இடது காலால் பிரேக்கை மெல்லத் தொடுங்கள். லாக்கப் விடுபட்டு முள் 100 முதல் 300 வரை ஏறும். காலை எடுத்தால் திரும்ப இறங்கும். இறங்கினால் லாக்கப் வேலை செய்கிறது. அதே வேகத்தில் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்துங்கள். வேகம் ஏறாமல் முள் மட்டும் ஏறினால் கிளட்ச் ஸ்லிப் அடிக்கிறது. சாலையோர அதிர்வுக் கோடுகள் மேல் போவதுபோல் ஒரு நடுக்கம் வந்தால், லாக்கப் கிளட்ச்சின் உராய்வுப் பட்டை தேய்ந்திருக்கலாம், அல்லது ஆயில் கெட்டிருக்கலாம். ஆயிலை மாற்றிப் பார்ப்பது மலிவு. மாற்றியும் நடுக்கம் போகாவிட்டால் கன்வர்ட்டரையே மாற்ற வேண்டும்.

முடிந்தால் ஸ்கேனர் ஒன்றை மாட்டுங்கள். பழைய குறியீடுகளில் பி0741 என்றால் லாக்கப் பிடிக்கவில்லை என்று பொருள். 68ஆர்எஃப்இயில் பி0871 வந்தால் ஓவர்டிரைவ் (மேல் கியர்) கிளட்ச்சின் அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். அந்தப் பெட்டியில் வால்வு பாடிக்குள் (ஆயிலைக் கிளட்ச்சுகளுக்குத் திருப்பிவிடும் பகுதி) அழுத்தம் கசிவதும், ஓவர்டிரைவ் கிளட்ச் தேய்வதும் தெரிந்த பலவீனங்கள். விற்பவர் வந்து நிற்பதற்கு முன் குறியீடுகளை அழித்திருக்கலாம். ஸ்கேனரில் எமிஷன் சுயபரிசோதனைகள் முடியவில்லை என்று காட்டினால் அதுவே ஒரு சாட்சி.

ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: இன்ஜினில் டியூன் (சக்தியைக் கூட்ட மாற்றி எழுதிய மென்பொருள்) ஏற்றப்பட்டதா? டார்க்கை அதிகமாக்கும் டியூனை இன்ஜின் தாங்கிவிடும், கியர்பாக்ஸ் தாங்காது. அதோடு புகை வடிகட்டியைக் கழற்றிப் போடுவது அமெரிக்காவில் சட்டப்படி குற்றம். அப்படிப்பட்ட வண்டியைப் பிறகு விற்பதும் கஷ்டம்.

மலையில் ஓட்டுவது

கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையின் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை கடல் மட்டத்திலிருந்து 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. அதற்கு ஏறும் சாலை 7 சதவீத மேடு. பெரிய வண்டிகளை ஒப்பிடுகிறவர்கள் அங்கேதான் போகிறார்கள். அரிசோனாவில் புல்ஹெட் சிட்டிக்கு அருகில் டேவிஸ் அணை மேடு இன்னொன்று. கம்பெனிகள் இழுவைத் திறனை அறிவிக்கப் பின்பற்றும், வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇயின் ஜே2807 சோதனை இந்த மேட்டை வைத்துதான் அமைந்தது: 100 ஃபாரன்ஹீட் வெயில், ஏசி முழுதாக ஓட, 11 மைலுக்கு மேல் தொடர்ந்து ஏறிக்கொண்டே, குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே விழாமல் போக வேண்டும். அதே தரத்தில், 12 சதவீதச் சரிவில் நின்ற இடத்திலிருந்து 5 நிமிடத்துக்குள் 5 முறை முன்னோக்கியும் பின்னோக்கியும் கிளப்பிக் காட்ட வேண்டும்.

ஏறும்போது டோ-ஹால் (பாரம் இழுப்பதற்கான முறை) பட்டனைப் போட்டே ஓட்டுங்கள். அது கியர் மாறும் நேரத்தைத் தள்ளிவைத்து, லாக்கப்பைச் சீக்கிரம் பிடித்து, தேவையில்லாமல் மேல் கியருக்குத் தாவுவதைத் தடுக்கிறது. அதையும் மீறிப் பெட்டி இரண்டு கியருக்கு நடுவில் அலைந்தால், கியர் லீவரில் உள்ள கூட்டல், கழித்தல் பட்டனால் மேல் கியருக்குப் போகாதபடி பூட்டிவிடுங்கள். 2,500, 2,800 ஆர்பிஎம்மில் டீசல் கத்துவதைக் கண்டு தயங்க வேண்டாம். அதன் குதிரைத்திறன் இருப்பதே அங்கேதான். மேல் கியரில் முக்கிக்கொண்டு ஏறுவதைவிட ஒரு கியர் இறங்கி வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஏறினால் பெட்டி குளிர்ச்சியாக இருக்கும்.

இறங்கும்போது எக்ஸாஸ்ட் பிரேக்கை (புகை வெளியேறுவதைத் தடுத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது) முன்கூட்டியே போடுங்கள். உச்சியைத் தாண்டுவதற்கு முன்பே வேகத்தை 45, 50 க்குக் கொண்டுவர வேண்டும். நம் ஊர் மலைப்பாதையில் ஏறிய கியரிலேயே இறங்கு என்று லாரி டிரைவர்கள் சொல்வது இங்கேயும் பொருந்தும், ஆனால் ஆட்டோமேட்டிக் பெட்டிக்கு அந்தக் கியரை நீங்கள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். டோ-ஹாலில் பிரேக்கை ஒருமுறை அழுத்தி விட்டால் பெட்டி ஒரு கியர் இறங்கும். இல்லாவிட்டால் கழித்தல் பட்டனால் இறக்குங்கள். ஆர்பிஎம் 2,500 க்கு மேல் நின்றால் எக்ஸாஸ்ட் பிரேக் நன்றாகப் பிடிக்கும். 1,500 இல் அதற்குப் பலமில்லை. வேகம் மீறினால் பிரேக்கை அழுத்தி 5 மைல் குறைத்துவிட்டு முழுதாகக் காலை எடுங்கள். லேசாக அழுத்தியபடியே இறங்கினால் கீழே வரும்போது புகை வாசனை வரும்.

ரிவர்ஸில் மேடேறுவது தனி ஆபத்து. கனமான டிரெய்லரை வீட்டு மேட்டில் மெதுவாகத் தள்ளும்போது கன்வர்ட்டர் முழுக்க வழுக்கிக்கொண்டே இருக்கும். இரண்டு நிமிடத்தில் சூடு 40, 50 டிகிரி ஏறிவிடும். நான்கு சக்கர வண்டியாக இருந்தால் லோ ரேஞ்சில் போடுங்கள். அதன் விகிதம் சுமார் 2.6 என்பதால் இன்ஜின் சுலபமாகத் தள்ளிவிடும். காய்ந்த தார்ச்சாலையில் அந்த நிலையில் கூர்மையாகத் திருப்பாதீர்கள், அச்சுகள் முறுக்கிக்கொள்ளும். மண் தரையிலும் நேராகப் போகும்போதும் கவலையில்லை.

ஆயில்

பெட்டிக்குப் பெட்டி ஆயில் வேறு. 68ஆர்எஃப்இக்கு ஏடிஎஃப்+4, ஐசினுக்கு அதற்கென்றே தனி ஆயில், ஃபோர்டு 6ஆர்140 க்கு மெர்கான் எல்வி, 10ஆர்140 க்கு மெர்கான் யூஎல்வி. எல்வியும் யூஎல்வியும் ஒரே கம்பெனிப் பெயரில் இருந்தாலும் பாகுத்தன்மை வேறு, கலக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று டப்பாவில் எழுதியிருக்கும் பொது ஆயிலை இழுவை வண்டியில் ஊற்ற வேண்டாம். மாற்றும் இடைவெளியைக் கையேட்டில் உள்ள கடும் உழைப்பு அட்டவணையிலிருந்து எடுங்கள். மாதத்துக்கு ஒருமுறையாவது பாரம் இழுத்தால் உங்களுடையது கடும் உழைப்புதான்.

பழைய ஆலிசன் 6 கியர் வீட்டில் செய்வதற்கு எளிது. பெட்டிக்கு வெளியே திருகிக் கழற்றும் ஃபில்டர் இருக்கிறது. கழற்றியதும் அதன் கழுத்தில் உள்ள வட்டக் காந்தத்தைத் தேடி எடுத்துத் துடைத்து, புதிய ஃபில்டரில் மாட்டுங்கள். பலர் பழைய ஃபில்டரோடு சேர்த்து அதைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். புதியதன் ரப்பருக்கு ஆயில் தடவி, அந்த ரப்பர் பெட்டியைத் தொட்ட பிறகு கையால் ஒரு முழுச் சுற்று. அடித்தட்டு வடிகாலைத் திறந்தால் சுமார் 7 லிட்டர் வரும்; எவ்வளவு வந்ததோ அவ்வளவே ஊற்றுங்கள். பிறகு ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில், இன்ஜின் ஓட, பார்க்கில் அளவு பாருங்கள். அளவுக்கு மீறினால் ஆயில் நுரைக்கும். நுரைத்த ஆயில் கிளட்ச்சுகளை இறுக்கிப் பிடிக்காது.

68ஆர்எஃப்இயில் அடித்தட்டுக்குள் இரண்டு ஃபில்டர்கள் உண்டு, ஒன்று தட்டையானது, மற்றது திருகுவது. தட்டையானதைக் கழற்றும்போது அதன் பழைய ரப்பர் சீல் பெட்டியின் துளையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதை எடுக்காமல் புதியதைத் தள்ளினால் பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சும். அடுத்த நாள் வண்டி கியரை விட்டு விட்டுப் பிடிக்கும். டார்ச் அடித்து, விரலால் துளையைச் சுற்றித் தடவிப் பார்த்த பிறகே புதியதை மாட்டுங்கள். அடித்தட்டில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு படிந்திருப்பது சாதாரணம். கையில் குத்தும் இரும்புத் துகளோ கருப்புத் தூளோ இருந்தால், புதிய ஆயிலை ஊற்றுவதற்கு முன் பெட்டியைப் பிரிப்பவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.